ஆறாவது ரிப்பன்

காரைக்குடியில் நாய்களுக்காக ஒரு விழா நடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அதுவும் டெரியர் நாய்களுக்காக, அதுவும் ஒரு தர்ம காரியத்தை முன்னிட்டு, அதுவும் எங்கள் பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில். ஆனால் நடந்தது. நடத்தியவர் என் பெரியப்பா. அதைக் கெடுக்கப் பார்த்தவள் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஊருக்குள் கேபிள் டிவி வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்பது அந்த வயதில் எனக்கிருந்த பெரிய துக்கம்.

பெரியப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதி எழுதி, வீட்டிலும் அவருக்கு அந்த நடையே வாய்த்துவிட்டது. கொல்லைக் குழாய்க்கு மேலே 'உபயோகித்தபின் இறுக மூடவும்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால், "மேற்படி சாம்பார்ல உப்பு கொஞ்சம் குறைவு" என்பார். பெரியம்மா அசர மாட்டாள். "மேற்படி உப்பு அங்குட்டு அஞ்சறைப் பெட்டி பக்கத்துல இருக்கு. எடுத்துப் போட்டுக்கங்க" என்பாள். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முன்கட்டு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். வீட்டில் கல்யாணம் என்றால்தான் வந்து திறப்பார்கள்.

அந்தப் பின்கட்டுக்கு டெரியர் வந்தது ஒரு ரயில்வே அதிகாரியால். வடக்கே மாற்றலாகிப் போனவர், கொண்டுபோக வழியில்லாமல் தன் பெட்டை நாயைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பிக் கலர், பிறவியிலேயே ஒட்ட வெட்டிவிட்ட மாதிரி வால். பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் "டெரியர் இனம்" என்று பெருமையாகச் சொல்வார். தெருக்காரர்களுக்கு அது வெட்டுவால் நாய், அவ்வளவுதான். வரும்போதே அது சினையாக இருந்திருக்கிறது. விறகு அறையில் ஆறு குட்டி போட்டது. பன்னிரண்டாம் நாள் கொல்லையில் பாம்பு கடித்துத் தாய் செத்துப்போனது.

குட்டிகள் பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பெரியப்பாவின் மேசையிலிருந்து பேனாவுக்கு மை ஊற்றும் இங்க் ஃபில்லரை எடுத்து, வெந்நீரில் போட்டு, அது வெள்ளையாகும்வரை கழுவினாள். பசும்பாலில் தண்ணீர் கலந்து, ஒவ்வொரு குட்டியாக மடியில் போட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஆறாவதை முடிக்கும்போது முதலாவதுக்குத் திரும்பப் பசித்துவிடும். ஆறும் பிழைத்தன. கடைசியாகப் பிறந்தது சவலைப் பிள்ளை மாதிரி இருக்கும். அதைக் 'கடைக்குட்டி' என்பாள். மற்றவற்றுக்குப் பெயர் கிடையாது.

குட்டிகள் ஓடியாட ஆரம்பித்த நேரம் பார்த்து வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து வந்து இறங்கினார். பேத்திக்குக் கல்யாணம். ஆச்சி நல்ல மனுஷி, சண்டைக்காரர் இல்லை. குட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருக்கட்டும் வேணாங்கலை. ஆறுன்னா சம்பந்தகாரவுக என்ன நெனைப்பாக? கல்யாண வீடா, நாய்ப் பண்ணையான்னு கேப்பாக" என்றார். நியாயம்தானே. ஒரே வாரத்தில் ஐந்து குட்டிகள் ஐந்து வீடுகளுக்குப் போயின. ஒன்று தையல்காரருக்கு, ஒன்று பரோட்டாக் கடை பாய்க்கு, ஒன்று பழைய சாமான் கடைக்காரருக்கு, ஒன்று எங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு, ஒன்று ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு. மிச்சம் இருந்த கடைக்குட்டியைப் பெரியம்மா தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நான் போய்ச் சேர்ந்தேன்.

என் அழுகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சத்தம் போட்டு அழுகிற பிள்ளை இல்லை. தரையில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் அழுவேன். அன்றைக்குப் பெரியம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். எனக்காகத்தான் வைத்திருந்தாள். மத்தியானம் மூன்று மணி வரை நான் எழுந்திருக்கவில்லை. "அந்தக் குட்டியக் குடுத்தாத்தான் சாப்பிடுவேன்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒயர் கூடையை எடுத்து, அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, குட்டியை உள்ளே வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"கொண்டு போத்தா. எந்திரிச்சுச் சாப்பிடு" என்றாள்.

நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். பெரியம்மா அடுப்படிக்குப் போனவள் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. பெரியப்பா அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் நான் கூடையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்கு டைகர் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குமுன் பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் தருவாள். டைகர் வந்த பிறகு அவள் வருவது நின்றுபோனது. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "பெரியம்மாவுக்கு மூட்டு வலி" என்றாள். எனக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது. பெரியம்மாவுக்காகவும் கவலை, பன்னுக்காகவும் கவலை. சாயந்திரச் செபமாலை முடிவில் பெரியம்மாவின் மூட்டுக்காகத் தனியாக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவந்தேன். பல மாதம் சொன்னேன். மூட்டு குணமாகவில்லை.

இப்படி எட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஞானோபதேச வகுப்புக்காகப் பங்குச் சாமியார் பங்களா வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது.

"சாமி, ஒரு தர்ம காரியம். நம்ம சிஸ்டர்க நடத்துற ஹாஸ்டல் பொம்பளப் பிள்ளைகளுக்கு அரிசி சேக்கலாம்னு ஒரு உத்தேசம்."

"நல்ல விஷயம். எப்புடிச் சேக்கப் போறீக?"

"நாய் விழா நடத்தி."

சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெரியப்பா தொடர்ந்தார்.

"டெரியர் இன நாய்களுக்கு மட்டும், சாமி. நாய் ஒண்ணுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு படி அரிசி."

"நம்மூருல மொத்தம் எத்தனை டெரியர் இருக்கு?"

"ஆறு, சாமி."

"அப்ப எத்தனை படி அரிசி வரும்?"

"ஆறு படி" என்றார் பெரியப்பா. கணக்கில் பொய் சொல்லத் தெரியாதவர்.

சாமியார் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. கடைசியில், எல்லா நாயும் வரட்டும், வேடிக்கை பார்க்க மனிதர்களும் வரட்டும், உள்ளே வருகிற எல்லோரும் ஆளுக்கு ஒரு படி கொண்டுவரட்டும் என்று அவரே திட்டத்தைப் பெரிதாக்கினார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். வெளியே வரும்போது மட்டும், "மத்த நாய்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி சாமி. அந்த ஆறும் கட்டாயம் வரணும்" என்றார்.

அதற்குப் பிறகு பெரியப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரு நோட்டீஸ் அடித்தார். அது அப்படியே அவருடைய ஆபீஸ் பாஷை. 'போட்டியில் பங்கேற்கும் நாய்கள் குறித்த நேரத்தில் மைதானத்தில் அவிழ்த்துவிடப்படும். முதலிடம் பெறும் நாயின் உரிமையாளருக்குச் சில்வர் குடம் பரிசளிக்கப்படும். டெரியர் நாய்களுக்கு மட்டும் அடையாள ரிப்பன் கட்டப்படும். ரிப்பன் கட்டும் பொறுப்பு:' என்று போட்டு, அங்கே பெரியம்மாவின் பெயரை எழுதியிருந்தார். பெரியம்மாவைக் கேட்காமலேயே எழுதினார் என்று அம்மா சொன்னாள். ஐந்து வீடுகளுக்கும் நேரில் போய் நோட்டீஸ் கொடுத்து, வருவோம் என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்பினார். ஆறாவதாக எங்கள் வீட்டுக்கு வந்தார். டைகரைத் தடவிக் கொடுத்துவிட்டு, "மேற்படி நாய் தவறாம ஆஜராகணும்" என்று என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அன்று மாலைதான் வினை வந்தது. அம்மா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "அக்காவுக்கு அந்தக் கடைக்குட்டி மேலதான் உசிரு. இத்தனை நாள் கழிச்சுப் பாத்தாகன்னா விட மாட்டாக."

அப்பா, "கேட்டா குடுத்துற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

டைகர் என் காலடியில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. எப்படி வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். அதே வழியில் திரும்பப் போய்விடும் என்று தோன்றியது. அந்த விழாவே என் நாயைப் பிடுங்குவதற்கு நடக்கிற ஏற்பாடு என்று முடிவு கட்டினேன்.

விளம்பரத்துக்கு மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்றைப் பெரியப்பா அமர்த்தியிருந்தார். அதில் பேசியவர் எங்கள் வட்டாரத்து மஞ்சுவிரட்டுகளுக்கு அறிவிப்புச் செய்து பேர் வாங்கியவர். கையில் நோட்டீஸைக் கொடுத்தபோது அவர் பார்த்தது இரண்டே விஷயம்: அவிழ்த்துவிடுகிறார்கள், சில்வர் குடம் தருகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்றை அவிழ்த்துவிட்டுச் சில்வர் குடமும் கொடுத்தால் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். காளைக்குப் பதில் நாய் என்பது அவருக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. "அஞ்சா நெஞ்சம் கொண்ட வீரர்களே, ஞாயிறு காலை வாரீர்" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்து, கீழச்சிவல்பட்டி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தது. அப்பாவுக்கு அன்று டூட்டி. அம்மா சிஸ்டர்களோடு ஹாஸ்டல் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அதே ஒயர் கூடையில் டைகரை வைத்து நான் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது கூடைக்குள் அடங்கவில்லை, தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலுக்குப் பின்னால் கோழி அடைக்கிற பஞ்சாரம் ஒன்று காலியாகக் கவிழ்ந்திருந்தது. டைகரை அதற்குள் தள்ளி, முட்டாமல் இருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். அம்மா கேட்டபோது, பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். பெரியப்பா கேட்டபோது, டைகருக்குப் பேதி, வீட்டில் படுத்திருக்கிறது என்றேன்.

எதற்கும் முகம் மாறாத பெரியப்பாவுக்கு அன்று முகம் விழுந்துவிட்டது. "இன்னைக்கின்னு பாத்தா?" என்றார். ஆபீஸ் பாஷை கூட வரவில்லை.

பெரியம்மா வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் சிவப்பு ரிப்பன்கள், நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலையில் கட்டுகிற மாதிரி ரிப்பன், ஆறு துண்டாக வெட்டி வைத்திருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள். முதலில் தையல்காரர் வந்தார். வெட்டுத் துணியில் நாய்க்குக் கட்டம் போட்ட சட்டை தைத்துப் போட்டிருந்தார். அடுத்து பாய் வந்தார். அவருடைய நாய் நடந்து வரவில்லை, உருண்டு வந்தது.

"என்ன பாய், இப்புடி ஊதிப் போயிருக்கு?" என்றாள் பெரியம்மா.

"சால்னா ஊத்தலேன்னா சோத்துப் பக்கமே வர மாட்டேங்குதுக்கா" என்றார் அவர், பெற்ற பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்கிற குரலில்.

ஒவ்வொரு நாயையும் பெரியம்மா தன் முழங்காலுக்கு இடையில் நிறுத்திக்கொண்டாள். காதை மடக்கிப் பார்த்தாள், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், பாதத்தைத் திருப்பி நகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ரிப்பன். ஒரு ரிப்பன் கட்ட ஒன்பது நிமிடமா என்று பின்னால் நின்ற பொமரேனியன்காரர் முணுமுணுத்தார். அவர் நாய்க்குத்தான் ரிப்பனே கிடையாதே. ஐந்து கட்டி முடித்தபின் மீதி ஒரு ரிப்பன் மேசையில் இருந்தது. பெரியம்மா அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"டைகருக்கு ஒடம்புக்கு முடியலையாமே?" அவள் நான் வைத்த பெயரைத்தான் சொன்னாள்.

"ஆமா பெரியம்மா. பேதி."

"ஓமத் தண்ணி குடுத்தீகளா?"

"குடுத்தோம்."

"பால் ஊத்தாத. மோர்ச்சோறு கரைச்சு வையி. சின்னதுலயே அதுக்கு வயிறு லேசு."

நான் சரி என்றேன். அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. பெரியம்மா விரலில் இருந்த ரிப்பனை அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். கேட்டுப் பக்கம் பார்த்தாள். வீட்டில் படுத்திருக்கிற நாய் எப்படிக் கேட்டு வழியாக வரும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கேட்டு வழியாக வந்தது வேறு கூட்டம். டவுன் பஸ்ஸிலும் ஒரு டெம்போவிலுமாக முப்பது இளவட்டங்கள் வந்து இறங்கினார்கள். முண்டா பனியன், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு. வாசலில் நின்ற சிஸ்டர், ஆளுக்கு ஒரு படி அரிசி இருந்தால்தான் உள்ளே என்று கறாராகச் சொல்லிவிட்டார். எதிரே இருந்த மளிகைக் கடையில் அரிசி தீர்ந்தது. அடுத்த கடையிலும் தீர்ந்தது. ஹாஸ்டல் வராந்தாவில் சாக்குகள் நிமிர ஆரம்பித்தன. சாமியாருக்கு வாயெல்லாம் பல்.

மீசை பெரிதாக இருந்த ஒருவன் பெரியப்பாவிடம் வந்து, "மாடு எங்குட்டுண்ணே?" என்றான்.

"மாடு இல்லப்பா. நாயி."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நாயின்னாலும் சரிண்ணே. வந்தது வந்துட்டோம், அவுத்து விடுங்க" என்றான்.

பெரியப்பா விடவில்லை. மைக்கைப் பிடித்து, "ஒரு நாய் வரவேண்டியுள்ளதால் போட்டி சற்றுத் தாமதமாகத் துவங்கும்" என்று மூன்று தடவை அறிவித்தார். வராது என்று அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லிவிட்டேனே. இருந்தும் அறிவித்தார். கடைசியில் சாமியார் கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் விசில் ஊதினார்.

அந்தப் பந்தயத்தைப் போல் ஒரு பந்தயம் நான் பார்த்ததில்லை. பாயின் நாய் விசில் கேட்டதும் உட்கார்ந்துவிட்டது. தலைமையாசிரியையின் நாய் அவர் இங்கிலீஷில் உத்தரவு போடுவதற்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தையல்காரரின் நாய் சட்டையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தது. பொமரேனியன் தன் எஜமானர் கையை விட்டு இறங்கவே இல்லை. மற்ற இரண்டு டெரியரும் ஒன்றையொன்று மோந்து பார்த்து, அடையாளம் கண்டுகொண்டு, மண்ணில் புரண்டு விளையாட ஆரம்பித்தன. முப்பது வீரர்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். இதற்கா ஒரு படி அரிசி என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

தண்ணீர் குடிக்க அவர்களில் இரண்டு பேர் ஹாஸ்டல் குழாய்ப் பக்கம் போனார்கள். குழாய்க்குப் பக்கத்தில்தான் பஞ்சாரம். ஆள் அரவம் கேட்டு டைகர் குரைத்தது.

"ஏலே, இங்குட்டு வாங்கடா! நல்ல மாட்டை ஒளிச்சு வச்சிருக்காக!"

மஞ்சுவிரட்டில் பேர்போன காளையைக் கடைசியில்தான் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டு ஓடுவதற்குள் ஒருவன் கல்லைத் தள்ளினான், இன்னொருவன் பஞ்சாரத்தைத் தூக்கினான். டைகர் வெளியே பாய்ந்தது.

ஒன்றரை மணி நேரம் கூண்டுக்குள் கிடந்த கோபம் அதற்கு. மைதானத்துக்குள் நுழைந்ததும் முப்பது பேரும் கையை விரித்துக்கொண்டு பாய்ந்தார்கள். டைகர் ஒருவன் காலுக்கிடையில் புகுந்து இன்னொருவன் முதுகுப் பக்கமாக வெளியே வந்தது. பிடிக்கப் போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மைக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "வருதப்பா, வெட்டுவாலு வருது! தொட்டுப் பாரு! துணிஞ்சா தொட்டுப் பாரு!" என்று முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. பெரியப்பா மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நான் "டைகர்! டைகர்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அது மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். பெரிதாகச் சத்தம் போடவில்லை.

"கடைக்குட்டி" என்றாள்.

ஓடிக்கொண்டிருந்த நாய் நடுவில் நின்றது. ஒரு காதை மட்டும் தூக்கியது. அடுத்த நொடி வேப்பமரத்தைப் பார்த்து நேராக ஓடியது. பெரியம்மா, நாலு பேர் முன்னால் சேலைத் தலைப்பு விலகினால் கூடப் பதறுகிறவள், அப்படியே மண்ணில் உட்கார்ந்து மடியை விரித்தாள். டைகர் அதில் போய் விழுந்தது. முனகியது, அழுதது, அவள் தாடையை நக்கியது. முப்பது வீரர்களும் மண் ஒட்டிய உடம்போடு சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஏண்டா, வயிறு சரியாப் போச்சா ஒனக்கு?" என்று பெரியம்மா நாயிடம் கேட்டாள்.

என்னைப் பார்க்கவில்லை. விரலில் இருந்த ரிப்பனை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினாள். காதையும் ஈறையும் நகத்தையும் பார்த்தாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இந்தத் தடவை சத்தம் போட்டே அழுதேன்.

"பெரியம்மா, அது என் நாயி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மா நிமிர்ந்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. நாய் நக்கியதால் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒன் நாயிதாண்டி. யாரு இல்லைன்னா?" என்றாள். இரண்டு கையாலும் அதைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "புடி. நல்லாத்தான் வளத்திருக்க."

நான் வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். அவள் மனது மாறுவதற்குள் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பெரியம்மா கையை ஊன்றி எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணையும் வெள்ளை மயிரையும் தட்டினாள். மண் போயிற்று.

பரிசு யாருக்கு என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எந்த நாயும் எல்லைக்கோட்டைத் தொடவில்லை, ஆகவே பரிசு ரத்து என்பது பெரியப்பாவின் விதிமுறை. மீசைக்காரன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பிடிபடாத மாட்டுக்குத்தாண்ணே பரிசு. எந்த ஊருலயும் அதான் மொறை" என்று அடித்துச் சொன்னான். வீரர்கள் முப்பது பேரும் அவன் பக்கம். குடம் எங்களுக்கு வந்தது. அன்று சொன்ன பொய்க்கு அம்மா வீட்டுக்குப் போனதும் காதைத் திருகினாள் என்றாலும், குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வெகு காலம் எங்கள் வீட்டில் குடிதண்ணீர் அதில்தான்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வரை அரிசிக் கவலை இல்லாமல் போயிற்று. சாமியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வருடா வருடம் நடத்த வேண்டும், அடுத்த வருடம் மதுரையிலிருந்துகூட நாய்களை வரவழைக்கலாம் என்றார். மைக்காரர் சம்பளமே வேண்டாம் என்றார். மீசைக்காரன் கடுதாசி போட்டுத் தேதி கேட்டிருந்தான். பெரியப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "இனிமே அதுக்கு முகாந்திரம் இல்ல." எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. இவ்வளவு அருமையாக ஒரு விழாவை நடத்திவிட்டு இப்படிச் சோம்பேறியாக இருக்கிறாரே என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பெரியம்மா நின்றிருந்தாள். இரண்டு கிலோமீட்டரும் நடந்தே வந்திருந்தாள். கையில் காகிதப் பொட்டலம் இருந்தது, அதில் இரண்டு தேங்காய் பன். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பிய்த்துப் பிய்த்து டைகருக்கு ஊட்டினாள். பாவம், வீட்டில் ஒரு நாய் இருக்கிறதே, அதன் கண் முன்னால் எனக்கு மட்டும் எப்படித் தருவது என்று அதற்கும் வாங்கி வருகிறாள் என நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவள் வராமல் இருந்ததில்லை.

அன்று இரவுச் செபமாலையில் பெரியம்மாவின் மூட்டுக்கான மந்திரத்தை நான் விட்டுவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்டாள்.

"அதான் மூட்டு வலி போயிருச்சேம்மா" என்றேன்.

அம்மா டைகரைப் பார்த்தாள். அது ரிப்பனைக் கழற்றவிடாமல் அதன்மேலேயே தாடையை வைத்துப் படுத்திருந்தது.

"ஆமாத்தா, போயிருச்சு" என்றாள்.

என் செபம் பலித்துவிட்டது என்ற பெருமையில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.